ஆற்று வழியே பாங்காக்

பாங்காக்கைப் பார்க்கப் போனால் பேருந்தை விட்டுப் படகில் ஏறுவோம். 1782-இல் தலைநகரான அந்த ஊர், சாவ் பிரயா ஆற்றை நம்பி எழுந்தது. வாடகைப் படகு வேண்டியதில்லை. ஊர்மக்கள் வேலைக்குப் போகும் பொதுப் படகே போதும். கட்டணமும் குறைவு.

ஒரு கரையில் அரண்மனை. தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். அதன் கோபுரம் முழுவதும் சீனப் பீங்கான் துண்டுகள். நம் வீட்டில் தட்டு உடைந்தால் குப்பைக்குப் போகும், அங்கே பூவாகிவிட்டது!

சற்று மேலே போனால் பாங்காக் நோய் கால்வாய். அஞ்ச வேண்டாம், தாய் மொழியில் ‘நோய்’ என்றால் சிறியது. அங்கே அரச படகுக் காட்சிசாலை இருக்கிறது. 1911-இல் முடிந்த அன்னமுகப் படகு ஏறத்தாழ 46 மீட்டர் நீளம். ஒரே தேக்கு மரத்தில் குடைந்தது. துடுப்புப் போட 50 பேர் வேண்டும்.

கால்வாய் ஆற்றில் சேரும் முனையில் பழைய ரயில் நிலையம் ஒன்று. ஜப்பானியர் பயன்படுத்தியதால் போரில் குண்டு விழுந்தது. மறுபடி கட்டிய கட்டடம் இப்போது மருத்துவமனைக் காட்சிசாலை. நம்மவர் அதைக் கடந்துபோகக் கூடாது. 1943-இல் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. அருகிலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்கு இன்றும் ரயில் போகிறது. குவாய் ஆற்றுப் பாலம் தாண்டி நாம் தோக் வரை, அவர்கள் உழைத்த அந்தப் பாதையிலேயே அது ஓடுகிறது.