குழாய்க்குள் இருந்தபடி வெளிச்சுவரைப் பார்ப்பது

இரும்பை அறுக்காமல் உள்ளே விரிசல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வானூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடை அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி வடக்கே போனால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாக ஆராயும் துறை இது: சுழல் மின்னோட்டச் சோதனை.

ஃபாரடேயின் தூண்டல் விதி பள்ளியில் படித்ததுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன். மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளை உலோகத்தருகே கொண்டுபோனால், உலோகத்துக்குள்ளும் மின்னோட்டம் வட்டமிடும். விரிசல் குறுக்கிட்டால் மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த மாற்றத்தைச் சுருள் காட்டிக்கொடுத்துவிடும். வாய்க்கால் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்தே அடியில் கட்டை கிடக்கிறது என்பார் என் அப்பா. அதே கணக்குதான். 1879-லேயே டேவிட் ஹியூஸ் இந்த வழியில் உலோகங்களை வகை பிரித்தார். இதைத் தொழிற்சாலைக் கருவியாக வளர்த்ததில் ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் ஃபோர்ஸ்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு குறை: இந்த மின்னோட்டம் மேற்பரப்பை விட்டு ஆழமாக இறங்காது. காந்தம் ஒட்டும் எஃகில் இன்னும் மோசம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் சிக்கலே அதுதான். அதில் எட்டு நீராவிக் கலன்கள்; ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளத்தில் 547 குழாய்கள். எல்லாம் காந்தம் ஒட்டும் குரோமியம்-மாலிப்டினம் எஃகு. உள்ளே தண்ணீர், வெளியே உருகிய சோடியம். இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்று வேதியியல் வாத்தியாரைக் கேளுங்கள். ஆகவே, வெளிச்சுவரின் தேய்மானத்தையும் உள்ளிருந்தே பார்த்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விநோதம் இங்கேதான். அனுப்பும் சுருள், வாங்கும் சுருள் இரண்டுமே குழாய்க்குள் போகும். இடைவெளி குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதிர்வெண்ணைக் குறைத்துவிடுவார்கள். நேர்வழியில் வரும் காந்தப்புலம் பாதியிலேயே அடங்கிப்போகும். ஆனால் ஒரு பங்கு சுவரைக் கடந்து வெளியேறி, வெளிப்புறமாகவே பயணம் செய்து, மறுபடி சுவரைக் கடந்து உள்ளே வந்து சேரும்! இருமுறை சுவரைக் கடப்பதால், தேய்வு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஏறத்தாழ ஒரே கூர்மையில் தெரியும். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்காக 1950-களில் வளர்ந்த இந்த உத்தியைக் கல்பாக்கத்தினர் சோடியத்துக்குப் பழக்கினார்கள். சோடியமும் மின்கடத்தி, குழாயில் ஒட்டிக்கொண்டு சமிக்ஞையைக் குழப்பும். அதைப் பிரித்தறிவது தனி ஆராய்ச்சி.

கருவி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதைப் பயன்படுத்த மனம் வேண்டும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கு நடுவானில் கூரை பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ரிவெட் துளைகளைச் சுற்றி விரிசல்கள் பரவியிருந்தன. பராமரிப்பில் அவற்றைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டார்கள் என்றது விசாரணை. விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் விரிசலைப் பார்த்திருந்தார்; அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் பாய்லர்கள் உண்டு, உப்புக்காற்று உண்டு, சோதனையை வீண் செலவென்று தள்ளிப்போடும் வழக்கமும் உண்டு. விபத்துக்குப் பின் நிவாரணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், விபத்துக்கு முன் ஒரு சோதனையாளரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் பெறலாம். வானூர் வாசகரே, உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள்.