டர்போவை மாற்றுமுன் காரணம் பாருங்கள்

நம் பிள்ளைகள் படிக்கும் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கு வடக்கே, சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி தில்லி வரும் லாரிக்கு மூச்சே டர்போதான். 1905இல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமை பெற்ற கருவி இது. எஞ்சின் கக்கும் புகையாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுவரை சுழலும் தண்டை, மெல்லிய ஆயில் படலம்தான் தாங்குகிறது.

ஆயில் குறைந்தாலும், அழுக்கானாலும், ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி நுழைந்தாலும் டர்போ கெடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் போகும். கடன் வாங்கி லாரி ஓட்டுபவருக்கு இரட்டை நஷ்டம்.

ஆகவே, ஆயில் குழாய்களில் அடைப்பு பார்த்து, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றி, புது டர்போவுக்குள் சிறிது ஆயில் ஊற்றியபின் எஞ்சினைக் கிளப்பச் சொல்லுங்கள். பாரத்தோடு ஓடிவந்த வண்டியை உடனே அணைக்காமல் 3 நிமிடம் ஐடிலில் விடட்டும்.