வீட்டுக் கடனும் மூன்று கான்கிரீட் கியூபுகளும்

எமது மட்டாஞ்சேரிக் கிளைக்கு வீட்டுக் கடன் குறித்து விசாரிக்க வருவோர் முதலில் கேட்பது வட்டி விகிதம். அடுத்துக் கேட்பது மாதத் தவணை. மூன்றாவதாக, வீட்டின் ஆவணங்களில் எவையெவை தேவை என்பர். இவையனைத்தும் கேட்க வேண்டிய வினாக்களே. ஆனால் இருபது ஆண்டுகள் தவணை செலுத்தப்போகும் அந்த வீட்டின் கான்கிரீட் எத்தனை ஆண்டுகள் தாங்கும், அதை எவ்வாறு அறிவது என்று கேட்பவர் அரிது. அது பொறியாளரின் வேலை என்று வாடிக்கையாளர் கருதுகிறார். வங்கியின் வேலை என்றும் சிலர் கருதுகின்றனர். இந்த இரண்டாவது எண்ணத்தை முதலில் தெளிவுபடுத்துவது எங்கள் கடமை.

வீடு கட்டும் கடன் ஒரே தொகையாக வழங்கப்படுவதில்லை. அடித்தளம், லிண்டல் மட்டம், கூரைத் தளம், பூச்சு வேலை எனக் கட்டம் கட்டமாக விடுவிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் நேரில் வந்து பார்த்து, வேலை இவ்வளவு முடிந்துள்ளது என்று சான்றளிக்கிறார். அவர் அளப்பது வேலையின் அளவை. பொருளின் வலிமையை அல்ல. தளம் வார்க்கப்பட்டுவிட்டது என்பதே அவருடைய சான்றிதழின் பொருள். அந்தத் தளம் எந்தத் தரத்தில் வார்க்கப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. தொகை விடுவிக்கப்பட்டதையே தரச் சான்றாக எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அவர்களுள் ஒருவர் மட்டாஞ்சேரியில் நெடுங்காலமாகக் கடை நடத்தி வரும் வாடிக்கையாளர். பதினைந்து ஆண்டுக் கடனில் ஒன்பதாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, மேல்கடன் வேண்டி வந்தார். பால்கனியின் அடிப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழத் தொடங்கியிருந்தது. பொறியாளர் சுத்தியலால் தட்டிய இடங்களில் எல்லாம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது. கம்பியின் மேல் இருந்த கான்கிரீட் மூடல் பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. கலவைக்கும் நீராற்றவும் பயன்பட்டது கோடையில் உப்புக் கரிக்கும் கிணற்று நீர். கட்டிக் கொடுத்தவரோ தரமான கலவையே போட்டதாகச் சாதித்தார். அதை மறுக்க வாடிக்கையாளரிடம் ஒரு தாள்கூட இல்லை. பழைய கடன் தீரும் முன்பே, அதே வீட்டைப் பழுதுபார்க்க இன்னொரு கடன் ஏற்பட்டது.

மட்டாஞ்சேரி கடைவீதியில் நடப்பவர்களுக்கு இதில் ஒரு புதிர் தோன்றலாம். உப்புக் காற்றும் காயல் ஈரமும் சூழ்ந்த இதே இடத்தில் பழைய மிளகுக் கிடங்குகள் தலைமுறைகளாக நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டி, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை நிற்கிறது. 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் நிற்கிறது. ஒன்பது ஆண்டு வீடு ஏன் உதிர்கிறது? பழைய சுவர்கள் பெரும்பாலும் செம்புரைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை; அவற்றுக்குள் துருப்பிடிக்க இரும்புக் கம்பி இல்லை. இன்றைய கான்கிரீட்டின் வலிமை அதன் உள்ளிருக்கும் கம்பியில் இருக்கிறது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது.

நல்ல கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரம் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டினால் அப்படலம் உடைகிறது. பிறகு உண்டாகும் துரு, தான் தோன்றிய இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த நெருக்கமே கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. கலவை நீரிலும் மணலிலும் உப்பு இருந்தால் அது முதல் நாளிலேயே கம்பியின் அருகில் வந்து அமர்ந்துவிடுகிறது. வெளிக்காற்றின் உப்பு மெதுவாக ஊடுருவும். கான்கிரீட் நெருக்கமாகவும் மூடல் தடிமனாகவும் இருந்தால் அதற்கு ஆண்டுகள் பல பிடிக்கும்.

இதற்கான வரம்புகளை இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 என்னும் விதிநூல் வகுத்துள்ளது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. வார்த்த கான்கிரீட்டில், சிமெண்ட், மணல், நீர் எல்லாவற்றிலிருந்தும் சேர்வது உட்பட, ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் கட்டடங்களை அந்நூல் 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பியிட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 தரமாகவும், கம்பியின் மூடல் 45 மில்லிமீட்டராகவும், நீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் மனை எந்த வகையில் சேரும் என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிமெண்ட், மணல், ஜல்லி ஆகியவற்றை ஒன்று, ஒன்றரை, மூன்று என்று பெட்டி அளவில் கலப்பதே பல மேஸ்திரிகளின் வழக்கம். அத்தகைய கலவையை விதிநூல் எம்20 தரம் வரை மட்டுமே அனுமதிக்கிறது. எம்30 வேண்டுமெனில், நீங்கள் வாங்கவிருக்கும் அதே சிமெண்ட், அதே எம்-சாண்ட், அதே ஜல்லியின் மாதிரிகளை ஆய்வகத்தில் கொடுத்துக் கலவை விகிதத்தை வடிவமைக்கச் செய்ய வேண்டும். அதன்பின் பொருள்களை எடையில் அளக்க வேண்டும். இல்லையெனில் தயார்நிலைக் கான்கிரீட் வாங்குவது எளிது. வரைபடத்தில் எம்30 என்று எழுதிவிட்டுப் பெட்டியால் அளப்பது, எங்கள் பார்வையில், காசோலையில் ஒரு தொகையை எழுதிவிட்டுக் கணக்கில் வேறொன்றை வைத்திருப்பது போன்றது.

நீரின் அளவைப் பற்றி ஒரு சொல். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, 0.45 பங்கு என்றால் இருபத்திரண்டரை லிட்டர். மழைக்கால மணலில் 5 விழுக்காடு ஈரம் இருந்தால், ஒரு மூட்டைக்குரிய சுமார் 80 கிலோ மணலிலேயே 4 லிட்டர் நீர் வந்துவிடுகிறது. அதைக் கழிக்காமல் குழாயைத் திறந்துவிட்டால், கலவை எளிதாக ஓடும், வலிமை குறையும். கொச்சியின் மழையை அறிந்தவர்கள் இதைச் சிறிய தவறு என்று எண்ண மாட்டார்கள்.

இனி கியூபுக்கு வருவோம். வார்க்கும் நாளில், ஓடிக்கொண்டிருக்கும் கலவையிலிருந்து எடுத்து, பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் உள்ள இரும்பு அச்சுகளில் மூன்று அடுக்குகளாக இட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 35 முறை கம்பியால் குத்தி நிரப்புவார்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து நீரில் மூழ்க வைத்து, 28ஆம் நாள் எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்30 என்பது அன்று ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அந்தச் சிறிய கட்டி ஏறத்தாழ 69 டன் சுமையைத் தாங்கிய பின்னரே உடைய வேண்டும்! மூன்று கியூபுகள் சேர்ந்து ஒரு மாதிரி. அவற்றின் சராசரியே முடிவு. ஒன்று சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது. 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரியும், 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரிகளும் எடுக்க வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டின் கூரைத் தளம் பொதுவாக இந்த இரண்டாவது வகுப்பில் வரும். ஏழாம் நாள் பார்ப்பதற்குக் கூடுதலாக மூன்று எடுத்து வைப்பது நல்லது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டாக இருந்தால் அன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்திருக்கும். கசடோ சாம்பலோ கலந்த சிமெண்ட் சற்று மெதுவாக வலுப்பெறும். ஆனால் உப்பை எதிர்ப்பதில் அது மேலானது.

மேஸ்திரி சிமெண்டைக் கூட்டித் தனியே பிசைந்த கலவையில் கியூப் எடுப்பதும் உண்டு. ஆகவே, வேலையின் நடுவே, நீங்கள் சுட்டும் நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஈரம் காயுமுன் அதன் மேல் தேதியையும் உங்கள் கையொப்பத்தையும் ஆணியால் கீறிவிடுங்கள். ஆய்வகம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக் கொடுங்கள்.

கியூபை வார்க்கும் நாளில் மட்டுமே எடுக்க முடியும். பிறகு ஐயம் எழுந்தால் சோதனைகள் உண்டு: மேற்பரப்பில் சுத்தியல் எதிர்வீச்சைப் பார்ப்பது, ஒலி அலையைச் செலுத்தி வேகத்தை அளப்பது, தளத்தைத் துளைத்து உருளை எடுப்பது எனப் பல. அவை செலவு மிக்கவை. முடிவும் வாதத்துக்கு இடமளிப்பது. இதற்குச் சான்று எங்கள் நகரத்திலேயே உள்ளது.

கொச்சிப் புறவழிச்சாலையில் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் நிறையும் முன்பே, 2019 மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. உத்தரங்களில் விரிசல்கள் தென்பட்டன, சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்தனர், இ. ஸ்ரீதரன் ஆய்வு செய்து, மேற்கட்டுமானத்தை மாற்றியமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதன்பின் எழுந்த வழக்கு ஒரு சோதனையைப் பற்றியது. இடிக்குமுன் பாலத்தின் மேல் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. தேவையில்லை என்பது மாநில அரசின் தரப்பு. சோதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, மறுகட்டுமானத்துக்கு வழிவிட்டது. 17 கண்களின் உத்தரங்கள் அகற்றப்பட்டுப் புதியன அமைக்கப்பட்டன. டெல்லி மெட்ரோ நிறுவனம் பணியை முடித்தது. பாரச் சோதனைக்குப் பின் 2021 மார்ச் 7 அன்று பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

பாரச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று ஓராண்டு வழக்காட நேர்ந்ததே எங்களைச் சிந்திக்க வைக்கிறது. பாரம் ஏற்றிப் பார்த்தால், பாலம் இன்று தாங்குகிறதா என்பது தெரியும். விரிசல் வழியே நீர் புகுந்து, கம்பி துருப்பிடித்து, இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பது அதில் தெரியாது. அரசாங்கத்துக்கே இவ்வளவு இழுபறி என்றால், தவணை செலுத்தும் குடும்பத்தின் நிலை என்ன?

அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோருக்கும் இது பொருந்தும். வைற்றிலாவில் 2018-இல் ஒப்படைக்கப்பட்ட ராணுவத்தினர் குடியிருப்பின் இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்டுமாறு 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றில் இருந்தவை 208 வீடுகள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து நீங்கள் அறிவித்தால், கட்டுநர் முப்பது நாள்களுக்குள் தம் செலவில் அதைச் சரிசெய்ய வேண்டும். துரு பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியே தெரிகிறது. ஆகவே வாங்கும்போதே கியூப் முடிவுகளின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

கம்பியை அறிவது கான்கிரீட்டை அறிவதைவிட எளிது. டி.எம்.டி. கம்பி, உருட்டாலையிலிருந்து செந்தழலாக வெளிவரும்போதே நீர்ப்பீச்சில் வேகமாகக் குளிர்விக்கப்படுகிறது. மேற்பகுதி கடினமாகிறது, உள்ளிருக்கும் வெப்பம் அதை மீண்டும் பதப்படுத்துகிறது, நடுப்பகுதி நெகிழ்வுடன் நிற்கிறது. இந்த முறை சரியாக நடக்கவில்லையெனில், கம்பி வளைக்கும்போதே வெடிக்கும். ஐ.எஸ். 1786 விதியின்படி எஃப்.இ. 500டி கம்பி, ஆய்வகத்தில் இழுக்கப்படும்போது அறுவதற்கு முன் குறைந்தது 16 விழுக்காடு நீள வேண்டும்.

எடையை நீங்களே பார்க்கலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி சுமார் 10.66 கிலோ. தனிக் கம்பி இதிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பலாம். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதம் கடந்ததை மறுசோதனையின்றிப் பயன்படுத்த வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் உரிம எண் உண்மையானதா என்பதைத் தர நிறுவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

கடன் விண்ணப்பத்துடன் தரும் மதிப்பீட்டில் கலவை வடிவமைப்பு, நீர்ச் சோதனை, கியூப், கம்பிச் சோதனை ஆகியவற்றின் கட்டணத்தைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கட்டுமான ஒப்பந்தத்தில் தரம், மூடல், மாதிரிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இடம்பெறட்டும். அறிக்கைகளைப் பத்திர நகலுடன் ஒரே கோப்பில் வையுங்கள்.

தளம் வார்த்த பின், சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது ஏழு நாளும், கலப்புச் சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாளும் நல்ல நீரால் ஆற்ற வேண்டும். காயல் நீரும் உப்புக் கிணற்று நீரும் இதற்கும் ஆகாது. அடுத்த தவணைக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் முட்டுகளை முன்கூட்டியே எடுப்பவர்கள் உள்ளனர். நான்கரை மீட்டர் வரையிலான கண்ணுள்ள தளத்துக்கு முட்டுகள் ஏழு நாளும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினான்கு நாளும் நிற்க வேண்டும். ஏழாம் நாள் கியூபின் முடிவு கைக்கு வரட்டும். எங்கள் பொறியாளரை அதன்பின் அழையுங்கள்.