பல்லும் பல்லும் புணருமிடம்

முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குப் புணரியல் படிப்பித்து வருகின்றேன். நிலைமொழியும் வருமொழியும் எவ்விடத்து இயைந்தன, எவ்விடத்து முரணின என்பதை ஒலி கேட்ட மாத்திரத்தே சொல்லிவிடுவேன் என்னுஞ் செருக்கு எனக்கு உண்டு. அச்செருக்கைக் கடந்த வைகாசியில் அடக்கியது, என் காரின் பின்னச்சிலிருந்து எழுந்த ஓர் ஊளை.

கார் என்றது மொறிஸ் மைனரை. 1959ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. எந்தையார் பழையதாக வாங்கி ஓட்டிப் பின் என் கையில் விட்டுச் சென்றது. 1948இல் இங்கிலாந்திலே தோன்றிய இக்கார்க்குலத்தைச் சேர்ந்தன சில யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்னும் ஓடுகின்றன. 1990இன் பின் பெற்றோல் அரிதாகிய காலத்தில் மண்ணெண்ணெய் குடித்தும் ஓடிய வண்டிகள் அவை. எனினும் பழமையின்மேற் கொண்ட பற்றினால் மாத்திரம் யான் இதனை வைத்திருக்கவில்லை. என் அன்னையாருக்கு வயது எண்பத்தாறு. மாதத்தில் இரு வியாழக்கிழமை அவரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். ஆட்டோவின் குலுக்கல் அவர் முதுகுக்கு ஆகாது. இக்காரின் பின்னாசனத்திலே தலையணை இட்டால் நோவின்றி இருப்பார்.

ஊளை எழுந்தது முப்பது மைல் வேகத்தில். அயலவர் ஒருவர் 'சில்லுப் பெயாறிங்' என்றார். யான் செவியை நம்பினேன். முடுக்கியை மிதிக்கையில் ஒரு சுருதி. காலை எடுத்தவுடன் வேறொரு சுருதி. பெயாறிங் தேய்ந்திருப்பின் மிதிப்பும் விடுப்பும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே; வளைவிலே பாரம் ஒருபக்கஞ் சாயும்போதுதான் அதன் ஓசை மாறும். மிதிப்பிற்கும் விடுப்பிற்கும் குரல் மாறுவது பல்லோடு பல் உரசும் இடத்து நோயாகும். அச்சின் எண்ணெயை வடித்துப் பார்த்தோம். கரிய எண்ணெயிலே வெள்ளிப்பொடி மின்னிற்று. அதன் நடுவே அரிசிக்குறுணை அளவில் ஓர் இரும்புத்துண்டு.

இவ்விடத்து அப்பெட்டகத்தின் தொழிலைச் சிறிது சொல்லவேண்டும். எந்திரத்தின் சுழற்சி நெடுந்தண்டு வழியே பின்னச்சுக்கு வருகின்றது. அங்கே பினியன் என்னுஞ் சிறு பற்சில்லு, கிறவுண்வீல் என்னும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. வண்டி வளைவிலே திரும்பும்போது புறச்சில்லு அகச்சில்லினும் நெடுந்தூரம் ஓடவேண்டும் அன்றோ? அவ்வேறுபாட்டைத் தாங்கி இரு சில்லுக்கும் விசையைப் பகிர்ந்தளிப்பன உள்ளே அடங்கிய சிறு பற்சில்லுகள். டிபரன்சல் என்னும் பெயர் அதனால் வந்தது. 1877இல் இங்கிலாந்திலே ஜேம்ஸ் ஸ்ரார்லி என்பவர் முச்சக்கர மிதிவண்டிக்கு இவ்வமைப்பைப் பொருத்தினார் என்றால், காருக்கும் மூத்தது இது என்பது விளங்கும்.

என் காரிற் பினியனுக்குப் பல் 9; கிறவுண்வீலுக்குப் பல் 41. இவ்வெண்களிலே ஒரு நுட்பம் உண்டு. இரண்டிற்கும் பொதுக்காரணி இல்லாமையால் ஒரு பல் தன் முந்திய துணையை மீளச் சந்திக்குமுன் எதிரியின் பற்கள் அனைத்தையுஞ் சந்தித்து முடிக்கின்றது. இங்ஙனம் தேய்மானம் எல்லாப் பற்களிலும் பரவி, இரண்டும் ஒன்றற்கொன்று பழகிப்போகின்றன. செய்யும்போதே சோடியாக அரைத்து, சோடிக்கு ஓர் எண் பொறித்து விடுவதும் இதுபற்றியே. ஒன்று கெட்டால் மற்றையதையும் நீக்கவேண்டும். வேறொரு சோடியிலிருந்து ஒன்றைப் பிரித்து இதனோடு சேர்த்தல் கூடாது.

பல் உடைந்தபின் பொறுத்திருத்தல் தகாது. உடைந்த துண்டு இரு சில்லுக்கும் இடையே சிக்குமாயின் ஓடும் வண்டியின் பின்சில்லு இரண்டும் ஒருங்கே இறுகிவிடக்கூடும். பின்னாசனத்துத் தலையணையை நினைத்தேன். அன்றே காரைக் கொட்டிலில் நிறுத்தினேன்.

என் தமக்கையாரின் மகன் தொழினுட்பக் கல்லூரியில் ஓராண்டு படித்தவன். கைபேசியிலே எவ்வித வேலைக்கும் படங்காட்டுபவன். "மாமா, நாங்களே மாத்துவம். வெளியிலை குடுத்தால் என்ன செய்வினமோ ஆருக்குத் தெரியும்?" என்றான். அவன் ஐயம் வெறுமையன்று. சில ஆண்டுகளின் முன் ஒரு கராச்சிலே இவ்வச்சுக்கு எண்ணெய் மாற்றுவித்தேன். இவ்வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுழல்வன. அவ்வழுத்தத்தைத் தாங்கும் மருந்து கலந்த தொண்ணூறாம் இலக்கத்து எண்ணெயே அவற்றுக்கு உரியது. மூடியைத் திறந்தால் கந்தகநெடி வீசும். ஊற்றப்பட்டதோ மணமற்ற சாதாரண எண்ணெய். அதனை யான் அறிந்தது, இப்போது வடித்து முகர்ந்தபோது. கூலி கொடுத்தவன் யான். முகராமல் விட்டவனும் யானே.

ஆதலின் நாமே செய்வதென மனம் சாய்ந்தது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தை ஆண்டுதோறும் படிப்பிப்பவனுக்கு அது நினைவில் வராமற் போனது வியப்பே. ஒரு முழு இரவு கைந்நூலைப் படித்தேன். படிக்கப் படிக்க, ஒரே வேலையென யாம் எண்ணியது உண்மையில் இரு வேறு வேலை என்பது புலப்பட்டது.

முதலாவது, கழற்றுதலும் பூட்டுதலும். சில்லையும் பிரேக் உருளையையும் நீக்கி, இருபக்கத்து அரையச்சுகளையும் வெளியே இழுத்து, நெடுந்தண்டின் நான்கு போல்ற்றுகளை விடுத்து, நட்டுகளைக் கழற்றினால் பற்பெட்டகம் முழுவதுமாக முன்புறமாய் வெளிவரும். இதற்கு வேண்டுவன பொறுமையும் துணையும் உறுதியான தாங்கலும். ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின்கீழ்ப் படுத்தல் உயிரோடு விளையாடுதல், செங்கல் நொறுங்கும், யாம் பனங்குற்றி இட்டோம். இப்பகுதியிலே நேரும் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். நட் இறுகாவிட்டால் மறுநாட் காலையில் நிலத்து எண்ணெய்க்கறை அதைச் சொல்லிவிடும்.

மற்றையது, பெட்டகத்துள்ளே பல்லையும் பல்லையும் பொருத்துதல். பினியன் எத்துணை ஆழத்தில் நிற்பது, கிறவுண்வீல் எத்துணை அருகில் நிற்பது என்பவை மெல்லிய தகட்டு வளையங்களைக் கூட்டியுங் குறைத்தும் அமைக்கப்படுகின்றன. பல்லிடைத் தளர்வு ஓரங்குலத்தின் ஆயிரத்திற் சில கூறு. அங்கே பிழைத்தால் எண்ணெய் ஒழுகாது. ஊளைகூட முதல்நாள் எழாமற் போகலாம். பல நூறு மைல் ஓடியபின், புதுப்பல் தேய்ந்து பொடியானபின், பிழை தெரியவரும். கண்ணுக்குத் தெரியும் பிழைக்கு என் கை போதும்; தெரியாத பிழைக்குப் பிறர் கை வேண்டும் என்று அவ்விரவே முடிவு செய்தேன்.

இரண்டாவது வேலையை முற்றாகத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்டகத்தை அப்படியே வாங்கிப் பூட்டிவிடலாம். அதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. அதனை நாடி மருமகனும் யானும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். பழைய வண்டிகளின் எலும்பும் நரம்பும் அங்கே குவிந்து கிடக்கும். பெட்டகம் ஒன்று கிடைத்தது. பல்லை எண்ணினேன்: 38. அது 1962இன் பின் வந்த பெரிய எந்திரக் கார்களுக்கு உரியது. பூட்டலாம், ஆயின் வேகமானி 40 காட்டும்போது கார் 43இல் ஓடும், ஏற்றத்திலே இழுவை குறையும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது என்று மருமகன் சிரித்தான். சிரிப்பை நிறுத்தியது அப்பல்லின் முகம். விரலால் தடவினால் அம்மைத்தழும்பு போலக் குழி. வேறொரு நோயாளியைக் காசு கொடுத்து வாங்குவானேன்? மாலையிலே மற்றொரு கடையில் எண்ணெய்த்தாளிற் சுற்றியபடி பயன்படாத சோடி ஒன்று அகப்பட்டது: 9க்கு 41, இரண்டிலும் ஒரே எண். என் மாதச் சம்பளத்தில் அரைவாசி போயிற்று.

ஊரிலே ஒரு முதிய மெக்கானிக் உளர். கராச் என்பது ஓலைக்கொட்டில், பெயர்ப்பலகை இல்லை. அவரிடம் சோடியைக் காட்டி, "அண்ணை, கழற்றிறதும் பூட்டிறதும் நாங்கள் செய்யிறம். பல்லை மட்டும் நீங்கள் வைச்சுத் தரவேணும்" என்றேன். சினப்பார் என்று அஞ்சினேன். அவரோ, "அதுதான் சரி, பண்டிதர் ஐயா. போல்ற் கழற்ற நான் என்னத்துக்கு? ஆனால் நீங்கள் கொண்டு வாற பெட்டகத்தை நான் கழுவித்தான் தொடங்குவன்" என்றார்.

செவ்வாயும் புதனும் அவர் அருகே அமர்ந்திருந்தேன். புதுப்பல்லிலே நிறக்குழம்பைப் பூசி, கையாற் சுழற்றி, எதிர்ப்பல் பதிந்த அடையாளத்தைப் பார்த்தார். "பாருங்கோ" என்றார். யான் பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. பதிவு பல்லின் நடுவே விழவேண்டுமாம். அது நுனிக்குச் சிறிது ஏறியிருந்ததாம். தாளினும் மெல்லிய ஒரு வளையத்தை மாற்றினார், மீளப் பூசினார், மீளச் சுழற்றினார். ஏழுமுறை இது நடந்தது. ஆறாம்முறை எனக்கு முற்றும் சரியாகவே தோன்றிற்று. அவர் தலையசைத்து மறுத்தார். மாணாக்கன் 'பிழையே இல்லை' என்று நீட்டும் கட்டுரையிலே யான் வலிமிகும் இடங்களைச் சுழிக்கும்போது அவன் முகம் எப்படியிருக்குமோ, அப்படி என் முகம் இருந்திருத்தல் வேண்டும்.

கூலி கேட்டேன். தொகையைச் சொல்லாது, கொட்டிலின் இறப்பிற் செருகியிருந்த ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தார். அவர் தமையனார் காலஞ்சென்று மூன்று வாரம். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிடவேண்டும். "தொடக்க வெண்பாவை நானே எழுதிப் பார்த்தனான், ஐயா. ஏதோ ஓரிடத்திலை இடறுது. எவ்விடமெண்டு பிடிபடேல்லை" என்றார்.

அன்று மாலை பெட்டகத்தைப் பூட்டி, கந்தகநெடியை இருவரும் முகர்ந்து பார்த்து எண்ணெய் ஊற்றினோம். இரவு கொப்பியை விரித்தேன். மூன்றாமடியில் இரண்டாஞ் சீர்க்கும் மூன்றாஞ் சீர்க்கும் இடையே தளை தட்டிற்று. ஒரு சொல்லை மாத்திரம் மாற்றினேன். ஏனைய யாவும் அவர் எழுதியனவே. வியாழன் காலை போகும் வழியிற் கொப்பியை அவர் கையிற் கொடுத்து, உரிய கூலியையும் வற்புறுத்திக் கொடுத்தேன். நாவற்குழிப் பாலங் கடக்கையில் அன்னையார் வழக்கம்போல உரத்த குரலிலே பேசிக்கொண்டு வந்தார். அத்துணை உரத்துப் பேசவேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.