காந்தாரம் இல்லாத அடுக்கு

கிட்டாரில் எதையும் அழுத்தாமல், தடித்த கம்பியில் தொடங்கி ஐந்து கம்பிகளை மெல்ல மீட்டிப் பாருங்கள். ஈ, ஏ, டி, ஜி, பி. மகிழ்ச்சியா சோகமா என்று சட்டெனச் சொல்ல முடியாமல், பாதியில் நிறுத்திய பேச்சுபோல அந்த ஒலி தொங்கும். 1959-ல் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' பதிவில் பில் எவன்ஸ் பியானோவில் வாசித்தது இந்த ஐந்து சுரங்களைத்தான். ஜாஸ்காரர்கள் அதை 'சோ வாட் கார்டு' என்றே அழைக்கிறார்கள்.

கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுர அடுக்கு. வழக்கமான கார்டு சுரங்களை ஒன்று விட்டு ஒன்று எடுப்பது: ச, க, ப. அதன் முகபாவம் நடுவிலுள்ள காந்தாரத்தின் கையில். அந்தர காந்தாரமானால் மேஜர், அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமானால் மைனர். அந்தக் காந்தாரத்தையே தூக்கிவிட்டால்?

ச இரண்டு முறை அதிரும் நேரத்தில் ப மூன்று முறை அதிர்கிறது. அந்தப் ப-விலிருந்து மேல் ச வரை மிஞ்சும் தூரம் 4:3. ச-வுக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள அதே இடைவெளி. அதாவது பஞ்சமத்தைத் தலைகீழாக்கினால் மத்தியமம். ச, ப, மேல் ரி என்று பஞ்சமங்களாக அடுக்குங்கள். அதே மூன்றை ரி, ப, மேல் ச என்று மாற்றி வையுங்கள், மத்தியம அடுக்காகிவிடும். இடைவெளி எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் இதில் யார் ஆதார சுரம் என்று காது தடுமாறுகிறது. மிதப்பதுபோன்ற அந்த உணர்வு இந்தத் தடுமாற்றம்தான். 1906-ல் இசையமைப்பாளர் ஷோன்பர்க் தன் முதல் சேம்பர் சிம்பொனியின் தொடக்கத்திலேயே ஹார்ன் வாத்தியத்தை மத்தியமம் மத்தியமமாக ஏறவிட்டார்.

நம் பழைய இசை மரபிலும் இந்த இடைவெளிகளுக்குப் பெயருண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நின்ற நரம்புக்கு, அதாவது தொடங்கும் சுரத்துக்கு, ஐந்தாவதைக் கிளை என்கிறார், நான்காவதை நட்பு என்கிறார். மூன்றாவது? பகை! அவர் பேசுவது பண்ணைப் பற்றி, கார்டைப் பற்றியல்ல. ஆனாலும் ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பகையை அடுக்கியே இசைமாளிகை கட்டினார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

கிட்டாரிலும் ஒரு பகை ஒளிந்திருக்கிறது. அடுத்தடுத்த கம்பிகளுக்கிடையே எங்கும் மத்தியம தூரம்தான். ஜி-க்கும் பி-க்கும் நடுவில் மட்டும் அந்தர காந்தாரம். கடைசி இரண்டு கம்பிகளையும் அரைச்சுரம் ஏற்றி அதையும் நீக்கிப் பாருங்கள். நேற்றுவரை கைவந்த மேஜர், மைனர் கார்டுகளுக்கெல்லாம் விரல்கள் வழி தேடும்.