படிவச் சரிபார்ப்பும் தமிழெழுத்தின் எண்ணும்

சுவடிப் பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியை மேற்கொண்ட ஆய்வு மாணவர் சிலர், சின்னாள் முன்னர் ஓர் இடர்ப்பாட்டினை எம்மிடம் கொணர்ந்தனர். ஆசிரியர் பெயரை நிரப்பும் கட்டத்தில் 'கபிலர்' என எழுதி அனுப்பினால், 'பெயரில் எழுத்துக்கள் மட்டுமே இருத்தல் வேண்டும்' என்னும் மறுப்புரை திரையில் தோன்றிற்று. 'பரணர்' என எழுதினும் 'நக்கீரர்' என எழுதினும் அதுவே விடை. உரோம எழுத்தில் எழுதியபொழுது மட்டும் படிவம் தடையின்றி ஏற்றுக்கொண்டது. வேலை நின்றுவிடலாகாது என்று கருதிய மாணவர், பெயர்களை உரோம எழுத்திலேயே எழுதிச் செல்லத் தொடங்கினர். விளைவு யாதெனின், மேற்குறி கீழ்க்குறி இடாத அவ்வெழுத்தில் லகர ளகர வேறுபாடும் ணகர னகர வேறுபாடும் ரகர றகர வேறுபாடும் பட்டியலினின்று அகன்றன. அவ்வாறு இழந்ததை எப்பொறியாலும் மீட்டல் இயலாது. ஏட்டை மீண்டும் அவிழ்த்துப் பார்த்தே அறிதல் வேண்டும். ஆதலின் இதனைப் பொறியியலார்க்கே உரிய சிறு பிழையெனத் தமிழ் பயில்வோர் ஒதுக்குதல் பொருந்தாது.

அப்படிவம் ஜாவா மொழியில், ஸ்பிரிங் என்னும் சட்டகத்தைக் கொண்டு அமைக்கப்பட்டது. இத்தகைய படிவங்களில் சரிபார்ப்பு இரண்டிடத்து நிகழ்தல் கூடும். எழுதுவோர் முன்னுள்ள உலாவியில் நிகழ்வது ஒன்று. தொலைவிலுள்ள வழங்கியில் நிகழ்வது மற்றொன்று. உலாவியில் நிகழ்வது எழுதுவோர்க்கு உதவியாவதன்றிக் காவல் ஆகாது. உலாவியைக் கடந்து நேரே வழங்கிக்குச் செய்தி விடுத்தல் எவர்க்கும் எளிது. எனவே வழங்கியின் சரிபார்ப்பே முடிவானது. ஜாவாவில் இதற்கெனப் 'பீன் வேலிடேஷன்' என்னும் பொதுநெறி 2009-இல் வகுக்கப்பட்டது. 'வெறுமையாதல் கூடாது', 'இத்துணை நீளத்திற்கு மிகலாகாது', 'இவ்வடிவிற்றாதல் வேண்டும்' என்பன போன்ற விதிகளை ஒவ்வொரு புலத்தின் தலையிலும் ஒட்டுக்குறிப்பாக எழுதிவிட்டால், சட்டகம் அவற்றைத் தானே ஆராய்ந்து பிழைகளைத் தொகுத்துத் தரும்.

மறுப்புரை வந்தவுடன் விதியைத் திருத்தப் புகுதல் பலரும் செய்யும் தவறு. எழுதிய பெயர் உலாவியினின்று புறப்பட்டு, எண்களின் நிரலாகச் சென்று, வழங்கியில் மீண்டும் எழுத்தாகப் படிக்கப்பட்டு, உரிய புலத்தில் அமர்ந்து, அதன்பின்னரே விதியின் முன் நிற்கின்றது. பிழை இவற்றுள் எப்படியில் நேர்ந்தது என்பதை முதலில் துணிதல் வேண்டும். அதற்கு எளிய வழி, விதியின் முன் வந்து நின்ற பெயரின் நீளத்தை வழங்கியின் பதிவேட்டில் எழுதச் செய்தலாம். 'கபிலர்' என்பதற்கு 6 என வந்தால் பெயர் ஊறின்றி வந்து சேர்ந்தது என்க. 18 என வந்தால், வழியிலேயே அது சிதைந்தது. யு.டி.எஃப்-8 என்னும் குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ளும். வழங்கியோ, குறியேற்றம் இன்னதென்று சொல்லப்படாதவழி, படிவத்தை ஐ.எஸ்.ஓ. 8859-1 எனக் கொண்டு பைட்டு ஒன்றை எழுத்து ஒன்றாகப் படிப்பது சர்வ்லெட் நெறியின் பழைய வழக்கு. அதற்கு மருந்து, குறியேற்றத்தை அறிவிக்கும் வடிப்பானை ஏனை வடிப்பான்கள் அனைத்திற்கும் முன்னர் வைத்தலே. படிவத்தின் ஒரு புலத்தையேனும் வேறொன்று முன்னரே படித்துவிடின், பின்னர் அறிவித்துப் பயனில்லை.

எம் மாணவர் படிவத்தில் நீளம் 6 எனவே வந்தது. ஆகவே பிழை விதியின்கண் உள்ளது என்பது தெளிவாயிற்று. அவ்விதி, பெயர் முழுவதும் 'எழுத்து' என்னும் வகையைச் சார்ந்த குறிகளால் ஆதல் வேண்டும் என்று கூறிற்று. கேட்பார்க்கு இதில் குற்றம் ஒன்றும் தோன்றாது. குற்றம், எழுத்து என்பது யாது என்னும் வினாவிலே அடங்கியுள்ளது.

தமிழ் இலக்கணத்தில் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் முதலெழுத்தாகும். புள்ளி பெற்று நிற்றல் மெய்யின் இயல்பென்றும், அகரம் ஏறுங்கால் அப்புள்ளி நீங்குமென்றும் தொல்காப்பியர் நூன்மரபில் உணர்த்தினார். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியோ இம்முறையைத் தலைகீழாக்கிற்று. இந்திய மொழிகளுக்கெனத் தேவநாகரியை அடியாகக் கொண்டு வகுத்த 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அட்டவணையைத் தழுவியதால், அகரம் ஏறிய 'க' என்பதே அடிக்குறியாயிற்று; 'க்' என்பது அவ்வடிக்குறியும் புள்ளி என்னும் வேறொரு குறியும் சேர்ந்த கூட்டாயிற்று. அடிக்குறிகளும் தனி உயிர்களும் 'எழுத்து' என வகுக்கப்பட்டன. புள்ளியும் காலும் கொம்பும் விசிறியும் 'சார்குறி' எனப் பிறிதொரு வகையில் வைக்கப்பட்டன. ஆதலின் அவ்விதியின் கண்ணில் 'மர' என்பது எழுத்தால் ஆயது. 'மரம்' என்பது அன்று. 'கபிலர்' என்பதில் இகரக் குறியும் ஈற்றுப் புள்ளியும் எழுத்தல்லவென்று தள்ளப்பட்டன. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. சார்பெழுத்தாகிய ஆய்தம் ஒருங்குறியில் 'எழுத்து' வகையிலேயே இடம்பெற்றுள்ளது. முதலெழுத்தாகிய மெய்க்கோ முழுமையாக அவ்விடம் கிட்டவில்லை.

இதனைத் திருத்தப் புகுந்த நிரலாளர் ஒருவர், 'எழுத்து' என்பதை நீக்கி 'அகரவரிசைத் தன்மையது' என்னும் வேறொரு வகையை இட்டார். 'ஔவை' என எழுதிப் பார்த்தார், படிவம் ஏற்றது, குறை தீர்ந்தது என்று அறிவித்தார். மறுநாள் 'கபிலர்' மீண்டும் மறுக்கப்பட்டது. அவ்வகை உயிர்க்குறிகளைத் தழுவுமேயன்றிப் புள்ளியைத் தழுவாது என்பது அவர்க்குத் தெரியவில்லை. தமிழ்ப் படிவத்தைச் சோதிப்போர் மெய்யீற்றுப் பெயர், மெய்ம்மயக்கம் உள்ள பெயர், ஒகர ஓகர உயிர்மெய் வரும் பெயர் ஆகிய மூன்றையேனும் எழுதிப் பார்த்தல் வேண்டும். 'தொல்காப்பியர்' என்னும் ஒரு பெயரே இம்மூன்றனுள் பெரும்பகுதியை ஆராய்ந்துவிடும்.

உரிய திருத்தம், எழுத்து வகையோடு சார்குறி வகையையும் சேர்த்து, முதற்குறி மட்டும் எழுத்தாதல் வேண்டும் என விதித்தலாம். இதனோடு இடைவெளியும் முற்றுப்புள்ளியும் இடம்பெறல் வேண்டும், இல்லையேல் உ. வே. சாமிநாதையர் பெயர் பட்டியலில் ஏறாது. எம் கருத்தை வெளிப்படையாகக் கூறின், மக்கட்பெயர்க்கு இத்தகைய விதி வேண்டுவதே ஐயத்திற்குரியது. எப்பெயர் பெயராகும் என்பதை நிரலாளர் முன்னரே வரையறுத்தல் அரிது.

அடுத்து நீளம். ஜாவா ஒரு சொல்லின் நீளத்தை எழுத்தால் அளவாது, பதினாறு பிட்டுக் குறியலகால் அளக்கும். 'தொல்காப்பியர்' நமக்கு ஏழெழுத்து, ஜாவாவிற்கு 13. பன்னிரண்டிற்கு மிகலாகாது என விதித்த புலம் அப்பெயரை மறுத்து, 'பன்னிரண்டு எழுத்திற்கு மிகுந்தது' என்று கூறும். ஏழே எழுதியவர் செய்வதறியாது திகைப்பார். எழுத்தெண்ணி யாப்பு வகுத்த மொழிக்கு இவ்விடர் வந்தது நகைப்பிற்குரியதே. 2017-இல் வந்த ஜாவா 9 முதலாக, அடிக்குறியையும் அதனைச் சார்ந்த குறிகளையும் ஓரலகாகக் கொள்ளும் வடிவக்குறி ஒன்று உள்ளது. அதனால் எண்ணும் விதியைத் தனியே எழுதிக்கொள்ளலாம். அப்பொழுது விடை ஏழு என வரும். 'க்ஷ' மட்டும் இரண்டாக எண்ணப்படும்; மெய்யும் உயிர்மெய்யும் எனப் பிரித்துக் கொள்வார்க்கு இது மாறுபாடன்று. ஆயின் தரவுத்தளத்தின் அளவையும் உடன் நோக்குக. ஆரக்கிளில் வேறு கூறாதவழி நீளம் பைட்டால் அளக்கப்படும். அங்கு இப்பெயர்க்கு 39 இடம் வேண்டும்.

செய்யுளை முழுவதும் எழுதும் கட்டத்தில் வேறொரு முரண் தோன்றும். உலாவி, அடி முடிவை ஒரு குறியாக எண்ணி நீளத்தை அளக்கும். அனுப்புங்கால் அதனை இரு குறியாக்கி அனுப்பும். உலாவி ஏற்ற நாலடிப் பாட்டை வழங்கி நீளம் மிகுந்ததென்று மறுப்பதற்கு, இடையிலுள்ள மூன்று அடிமுடிவுகளே காரணமாதல் கூடும்.

இதுகாறும் கூறியவை ஏற்கத்தக்கதை மறுத்த பிழைகள். மறுக்கத்தக்கதை ஏற்கும் பிழைகளும் உள. அவை ஓசையின்றி நிகழ்வதால் மேலும் தீயன. 2020-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.3, சரிபார்க்கும் பகுதியை வலைத்தொகுப்பினின்று பிரித்துவிட்டது. அதனைத் தனியே சேர்க்காதவர் நிரலில் ஒட்டுக்குறிப்புக்கள் இருந்தும் இயங்காமற் போதல் உண்டு. 2022-இன் ஸ்பிரிங் பூட் 3 'ஜகார்த்தா' என்னும் புதுப்பெயரால் குறிக்கப்பட்ட விதிகளையே அறியும். பழைய 'ஜாவாக்ஸ்' பெயருள்ளன கண்டுகொள்ளப்படா. 'இன்மை கூடாது' என்னும் விதி, வெற்றுக் கட்டத்தைத் தடுக்காது. உலாவி இன்மையை அனுப்பாது வெற்றுச்சொல்லை அனுப்புவதே அதற்குக் காரணம். பிழைத்தொகுப்பை ஏற்கும் உறுப்பு, சரிபார்க்கப்படும் பொருளை அடுத்தே நிற்றல் வேண்டும். இடையில் வேறொன்று புகுந்தால், படிவம் மீண்டும் காட்டப்படாது 400 என்னும் மறுப்பு மட்டுமே வரும்.

இனி, சரிபார்ப்பைக் கடந்தும் எஞ்சும் ஒன்று உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் இணைந்த ஒரே குறியாலும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் பொறிக்கு இவை வேறு. ஒருங்குறியின் இயல்பாக்க முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கும். ஜாவா 6 முதல் அதற்கான கருவி உள்ளது. பெயரைச் சேமிப்பதற்கு முன் அதனைச் செலுத்துதல் நன்று. ஆயின் ஔகாரத்தை, ஒகரத்தின்பின் ளகரம் இட்டு எழுதினார் எழுதியதை அம்முறையும் திருத்தாது. அது பொறியின் நோக்கில் முறையான ஈரெழுத்தே. எம் மாணவர் பட்டியலில் விதி திருந்திய பின்னர் உரோம எழுத்துப் பெயர்களை ஏடு நோக்கித் தமிழில் மாற்றிவந்தபொழுது, ஔவையார் இருவராக நின்றார். ஒருவர் ஏழு குறியினர், மற்றவர் எட்டுக் குறியினர். அவ்விருவரையும் ஒருவராக்கக் கண்ணால் ஒவ்வொரு வரியாகப் படித்துச் செல்வதையே மாணவர் இப்பொழுது செய்து வருகின்றனர்.