விரதத்துக்கு முந்தின செவ்வாய்

வடசென்னைக் கத்திவாக்கம் குப்பங்களில் வலையில் ஏறும் மீனுக்கும் பிரான்சில் கொண்டாடும் ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் உறவு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது தவக்காலம்.

விபூதிப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் அந்த நோன்பில், இடைக்கால ஐரோப்பாவில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. வீட்டில் இருப்பதைப் புதனுக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் அதற்கு முந்தின நாள் அடுப்பு ஓயாது. பலகாரம், முகமூடி, ஊர்வலம் என்று ஊரே களித்த அந்த நாளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'மார்டி க்ரா', கொழுத்த செவ்வாய், என்றார்கள். ரோமானியக் களியாட்டங்களின் மிச்சம் என்பாரும் உண்டு. எனக்குச் சமையலறைக் கணக்குதான் நம்பும்படி இருக்கிறது. கடல் கடந்தும் அந்த நாளை அவர்கள் மறக்கவில்லை. 1699 மார்ச் 3 அன்று மிசிசிப்பி ஆற்றோரம் தங்கிய பிரெஞ்சுக் கடலோடி இபெர்வில் அந்த இடத்துக்கே மார்டி க்ரா என்று பெயர் வைத்தார்.

வடசென்னைக்கு இந்த நாள் ஆங்கிலேயர் வழியாக வந்தது. ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்திய வீடுகளில் அது 'பேன்கேக் செவ்வாய்'. மைதா, முட்டை, பால் கரைத்து மெல்லிசாக ஊற்றி, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் உள்ளே வைத்துச் சுருட்டுவார்கள். தேங்காய் சேர்ந்ததும் அது நம்மூர்ப் பலகாரமாகிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன.

தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தவக்காலம் என்றால் ஒருசந்தி எனும் ஒருவேளை உணவு நோன்பு, சுத்தபோசனம் எனும் இறைச்சி விலக்கு. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாளானது. ஃபிரிட்ஜும் வந்தபின் முட்டையை அவசரமாகத் தீர்ப்பானேன்? செவ்வாய் களையிழந்தது.

ஆனால் விரதம் தேயவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமலே நாற்பது நாளும் கறி தொடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருச்சபை விலக்கியது இறைச்சியைத்தான், மீனை அல்ல. எண்ணூர்க் கழிமுகத்து இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் தவக்காலச் சட்டியில் இடம் உண்டு.

அந்தக் கழிமுகத்தில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்து ஆழத்தைத் தூர்த்துவருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அடுத்த விபூதிப் புதன் 2024 பிப்ரவரி 14, இடையில் இரண்டு மாதத்துக்குச் சற்றே அதிகம். முன்பு ஒரு செவ்வாயோடு விருந்தை முடித்துக்கொண்டு விரதம் இருந்தவர்கள் தங்கள் நம்பிக்கைக்காக இருந்தார்கள். மீன்பிடி நின்று குப்பத்துச் சனங்களின் அடுப்பு அணைந்ததற்கு எந்த விரதமும் காரணம் இல்லை. சாம்பலை அள்ளி, முகத்துவாரத்தை ஆழப்படுத்தித் தர வேண்டியது அதைத் தூர்த்தவர்களின் கடன். அந்த வேலை முழுதாக முடியும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மீன் வாங்கும் நாமும் சேர்ந்து.